வரிசையில் நின்ற சனம்

ஓகஸ்ட் பிற்பாதி வந்தால் ரொறன்ரோவில் 'எக்ஸ்' தொடங்கிவிடும். கனேடிய தேசியப் பொருட்காட்சி என்று அதன் முழுப்பெயரைச் சொல்பவர்கள் அரசாங்க அறிவித்தல் வாசிப்பவர்கள் மட்டுந்தான். 1879இல் தொடங்கியது. எங்கள் ஸ்காபரோக் குடும்பங்களுக்கு அது இராட்டினமும், எண்ணெயில் பொரித்த விசித்திரத் தின்பண்டங்களும், பள்ளிக்கூடம் திறக்கமுன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் கடைசி இடமும். கணினி விளையாட்டுச் செய்கிறவன் என்ற முறையில் எனக்கு அந்த ஏரிக்கரைத் திடலில் வேறொரு உறவும் உண்டு. 1950ஆம் ஆண்டுப் பொருட்காட்சியில் அங்கே நாலு மீற்றர் உயரமான இயந்திரம் ஒன்று நின்றது. பெயர் 'பேர்ட்டி த பிறெய்ன்'. ஒன்பது கட்டத்தில் புள்ளடியும் வட்டமும் போடுகிற விளையாட்டை யார் வந்தாலும் அது விளையாடும். முன்னால் ஒன்பது பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் மேலேயுள்ள பெரிய பலகையில் விளக்கு எரியும், பேர்ட்டி தன் கட்டத்தைப் போடும்.

செய்தவர் ஜோசப் கேற்ஸ். 1921இல் வியன்னாவில் பிறந்த யூதர். நாசிகள் ஒஸ்ரியாவுக்குள் புகுந்தபின் தப்பி பிரித்தானியாவுக்கு வந்து, அங்கே எதிரிநாட்டவர் என்று பிடிபட்டு, கனடாவில் தடுப்புமுகாமுக்கு அனுப்பப்பட்டவர். முகாமிலிருந்து வெளியே வந்து, வேலை பார்த்துக்கொண்டே படித்து முன்னேறினார். இந்த நகரத்தில் இப்படி வந்து சேர்ந்தவர்களின் கதை எனக்குப் பழக்கமானது என்பதால் கேற்ஸ்மேல் தனிப் பிரியம். அவர் பொருட்காட்சிக்குக் கொண்டுவந்தது உண்மையில் விளையாட்டை அல்ல. பல வால்வுகள் சேர்ந்து செய்கிற கூட்டல் வேலையைத் தனியொன்றாகச் செய்யும் 'அடிற்றன்' என்ற சின்ன வால்வைக் கண்டுபிடித்திருந்தார். அதை உலகத்துக்குக் காட்டவேண்டும். வால்வை வெறுமனே மேசையில் வைத்தால் யார் நின்று பார்க்கப்போகிறார்கள்? அதனால் பேர்ட்டி.

சனம் வரிசையில் நின்றது. வால்வைப் பார்க்க அல்ல, விளையாட. பேர்ட்டியை வெல்லவே முடியாதபடி கடினமாகவும் வைக்கலாம், இளக்கியும் விடலாம். நகைச்சுவை நடிகர் டானி கே வந்து தோற்றுக்கொண்டே இருந்தார். கேற்ஸ் கடினத்தைக் குறைத்துவிட, ஒருவழியாக வென்றார். அவர் துள்ளிக் கொண்டாடும் படம் லைஃப் சஞ்சிகையின் படப்பிடிப்பாளருக்குக் கிடைத்தது. பொருட்காட்சி முடிந்ததும் பேர்ட்டியைக் கழற்றிவிட்டார்கள். அடிற்றனின் அமெரிக்கக் காப்புரிமை இழுபட்டு இழுபட்டு வந்து சேர்ந்தபோது திரான்சிற்றரின் காலம் பிறந்துவிட்டது. வால்வு எங்கும் போகவில்லை.

கடினத்தைக் கூட்டிக் குறைக்கிற அந்த ஏற்பாட்டைக் கவனியுங்கள். இன்று எந்த விளையாட்டைத் திறந்தாலும் இலகு, நடுத்தரம், கடினம் என்று கேட்கும். அதை விளையாட்டுக் கலையின் நுட்பமென்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். அங்கே அது சனத்தின் முகம் வாடாமலிருக்கச் செய்த ஏற்பாடு. கணினி விளையாட்டின் ஆதிகாலத்தைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகியிருக்கிறது: விளையாட்டின் உறுப்புகள் என்று நாம் இன்று எடுத்துக்கொள்ளும் பலதும், முதன்முதலாகப் பொதுசனத்துக்குக் காட்டிய அன்று, வரிசையைச் சமாளிக்கச் செய்தவை.

இன்னும் பத்து வருடம் பின்னால் போனால் நியூயோர்க், 1940. உலகப் பொருட்காட்சியில் வெஸ்ரிங்ஹவுஸ் மண்டபத்தில் 'நிமற்றன்' என்ற இயந்திரம். எட்வேர்ட் கொண்டன் என்ற இயற்பியலாளர் வடிவமைத்தது. குவியல் குவியலாக விளக்குகள். ஆளும் இயந்திரமும் மாறி மாறி ஒரு குவியலிலிருந்து விரும்பிய அளவு அணைக்கவேண்டும். கடைசி விளக்கை அணைப்பவருக்கு வெற்றி. நிம் என்ற பழைய குச்சி விளையாட்டுத்தான். உள்ளே இருந்த மின் றிலேக்கள் கண்ணிமைக்குமுன் பதிலைக் கண்டுபிடித்துவிடும். கொண்டன் அதற்குள் வேண்டுமென்றே ஒரு தாமதத்தை வைத்தார். இயந்திரம் சில விநாடி யோசிப்பதுபோல் நிற்கும். தலையைச் சொறிந்து யோசித்து ஒரு நகர்வு செய்தவரை, யோசிக்காமலே பதில் போட்டு அவமானப்படுத்தக்கூடாது என்ற மரியாதை. ஏறக்குறைய 1,00,000 ஆட்டங்கள் நடந்தன. சுமார் 90,000 ஆட்டங்களில் இயந்திரமே வென்றது. அது தோற்றவற்றில் பல, இதை வெல்ல முடியும் என்று நிரூபிக்க மண்டபப் பணியாளர்களே ஆடிக் காட்டியவை. எதிராளி யோசிப்பதாகப் பாவனை காட்டும் அந்த வித்தையைச் சதுரங்கச் செயலிகள் இன்றும் செய்கின்றன.

1951இல் பிரித்தானியா தன் திருவிழாவை நடத்தியபோது ஃபெரான்ரி நிறுவனம் ஏதோவொன்றைக் காட்டுவதாக ஒப்புக்கொண்டுவிட்டு, எதைக் காட்டுவதென்று முழித்துக்கொண்டிருந்தது. அங்கே வேலைக்கிருந்த ஜோன் பெனற் என்ற அவுஸ்திரேலியர், நிமற்றனை நினைவில் வைத்து, நிம் விளையாடும் கணினி செய்யலாம் என்றார். 'நிம்றொட்' பிறந்தது. தென் கென்சிங்ரனில் அது நின்றபோது, பக்கத்தில் விளக்கக் கைநூல் ஒன்றும் விற்றார்கள். விலை ஒன்றரை சிலிங். இது வெறும் விளையாட்டு அல்ல, இதே கணக்குகள் பொருளாதாரத்துக்கும் மற்ற விஞ்ஞானங்களுக்கும் பயன்படும் என்று கைநூல் மன்றாடுகிறது. பொதுமேடையில் தன் விளையாட்டுக்கு முன்னால் நின்று விளக்கம் சொல்லிப் பார்த்த எவனுக்கும் அந்த மன்றாட்டின் தொனி காதில் விழும். சனம் கைநூலைப் பற்றிக் கவலைப்படவில்லை. அதே வருடம் பேர்லினுக்கு நிம்றொட்டைக் கொண்டுபோனார்கள். மண்டபத்தின் மறுகோடியில் இலவசமாக மது ஊற்றிக்கொண்டிருந்த இடத்தை முதல்நாள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, கூட்டத்தை அடக்கப் பிறகு பொலிசைக் கூப்பிடவேண்டியதாயிற்று என்று பெனற் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மேற்கு ஜேர்மனியின் பொருளாதார அமைச்சர் லூட்விக் ஏர்ஹார்ட் வந்து விளையாடினார். அவரும் தோற்றார்.

இவர்கள் எல்லாருக்கும் விளையாட்டு என்பது தூண்டிலில் குத்திய இரை. மீன்கள் ஒவ்வொரு முறையும் இரையை மட்டும் தின்றுவிட்டுப் போயின.

எனக்கு மிகவும் பிடித்தது 1958ஆம் ஆண்டுக் கதை. நியூயோர்க்குக்குக் கிழக்கே லோங் ஐலன்டில் புறூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடம். அணு ஆராய்ச்சி நடக்கிற இடம். சுற்றியுள்ள ஊர்ச்சனம் வேலிக்குள்ளே என்ன செய்கிறார்களோ என்று நினைக்கும். அந்தப் பயத்தைப் போக்க வருடத்தில் சில நாட்கள் கதவைத் திறந்து பார்வையாளரை விடுவார்கள். உள்ளே படங்கள், விளக்கப் பலகைகள், அசையாத கருவிகள். கருவியியல் பிரிவின் தலைவர் வில்லியம் ஹிகின்பொதமுக்கு இது சப்பென்று பட்டது. லொஸ் அலமொஸில் அணுகுண்டுக்கான மின்னணுச் சுற்றுகளில் வேலை செய்து, போர் முடிந்ததும் அதே ஆயுதங்களுக்கு எதிராகக் குரல் கொடுக்க விஞ்ஞானிகள் சேர்ந்து அமைத்த சம்மேளனத்தின் முதல் தலைவராக இருந்தவர் அவர். ஆய்வுகூடத்தில் 'டொனர்' என்ற சிறிய ஒப்புமைக் கணினி இருந்தது. துள்ளும் பந்தின் பாதையை அதில் எப்படி வரைவதென்று அதன் கைநூலே சொல்லியது. பந்து கிடைத்துவிட்டது, ஒரு வலையைப் போட்டால் ரெனிஸ் ஆகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது.

வரைபடம் போடச் சில மணித்தியாலங்கள். றொபேர்ட் ட்வொறாக் என்ற தொழினுட்பவியலாளர் அதைப் பூட்டி முடிக்க இரண்டு, மூன்று கிழமைகள். திரை, 5 அங்குல அலைவுகாட்டி. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நாங்கள் அலைவரிசை பார்த்த அதே சாதிதான். பக்கவாட்டில் பார்த்த ரெனிஸ் தரை ஒரு கிடைக்கோடு, வலை நடுவில் ஒரு சின்னக் குத்துக்கோடு, பந்து ஓர் ஒளிப்புள்ளி. மட்டையும் இல்லை, ஆளும் இல்லை. கையில் ஒரு அலுமினியப் பெட்டி. அதில் அடிக்கும் கோணத்தைத் திருகுவதற்கு ஒரு குமிழ், அடிக்க ஒரு பொத்தான். வலையில் பட்டால் பந்து மனமுடைந்ததுபோல் திரும்பி விழும். ஒக்ரோபர் 18ஆம் திகதி கதவு திறந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நின்றார்கள். மற்றக் காட்சிப் பொருட்கள் தனித்துக் கிடந்தன.

அடுத்த வருடமும் அதைக் காட்டவேண்டியிருந்தது. இந்தமுறை திரையைப் பெரிதாக்கினார்கள். 5 அங்குலத்துக்குள் இரண்டுபேர் தலையைக் குனிந்தால் பின்னால் நிற்பவருக்கு என்ன தெரியும்? அதோடு புவியீர்ப்பை மாற்றவும் வழி செய்தார்கள். சந்திரனில் ரெனிஸ் ஆடலாம், வியாழனிலும் ஆடலாம். போன வருடம் வந்தவர் திரும்பவும் வந்தால் அவருக்குப் புதிதாக ஏதாவது இருக்கவேண்டுமே! இன்று இதைத்தான் 'அப்டேற்' என்று போட்டு வைத்திருக்கிறோம்.

பிறகு அதையும் கழற்றி, பாகங்களை வேறு வேலைக்கு எடுத்தார்கள். ஹிகின்பொதம் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. அந்தப் பார்வையாளர் நாளில் வந்த பள்ளி மாணவர்களில் டேவிட் ஆல் என்பவரும் ஒருவர். அவர் பின்னாளில் கணினிச் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியரானார். அந்தச் சஞ்சிகை 1982இல் இதைப் பற்றி எழுதியபிறகுதான் வெளியுலகுக்குப் பரவலாகத் தெரியவந்தது. 1997இல் ஆய்வுகூடத்தின் 50ஆம் ஆண்டுக்காக அதைத் திரும்பக் கட்டினார்கள். ஹிகின்பொதம் அதற்கு மூன்று வருடம் முன்பே காலமாகிவிட்டார். தன்னை அணு ஆயுதப் பரவலுக்கு எதிரான வேலைக்காக நினைவுகொள்ளவேண்டும் என்பதே அவர் விருப்பம். சனம் அதிலும் தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொண்டது.

எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தின் 'ஸ்பேஸ்வோர்' பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 1,20,000 டொலர் பெறுமதியான பி.டி.பி-1 கணினியில் ஸ்டீவ் றசலும் நண்பர்களும் 1962இல் செய்த விண்வெளிச் சண்டை. இரண்டு கப்பல்கள், நடுவில் இழுக்கும் நட்சத்திரம். நான் சொல்ல வந்தது அந்த வருட மே மாதத்துத் திறந்த நாளைப் பற்றி. அதுவரை அவர்கள் தங்களுக்குள்ளே விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்துக்கு முடிவென்று ஒன்று தேவைப்படவில்லை, எழும்பிப் போகும்வரை ஆடுவார்கள். ஊர்ச்சனம் வருகிறது என்றதும் இரண்டு காரியம் செய்தார்கள். கூட்டம் பார்ப்பதற்கென்று இன்னொரு பெரிய திரையை இணைத்தார்கள். புள்ளி எண்ணும் வசதியைச் சேர்த்தார்கள். இத்தனை புள்ளியோடு ஆட்டம் முடிந்தது, அடுத்தவர் வரலாம் என்று சொல்வதற்கு அது தேவைப்பட்டது. கட்டுப்பாட்டுப் பெட்டியை விட்டு எழும்ப மனமில்லாதவரை மரியாதையாக எழுப்பும் வழி. ஸ்பேஸ்வோரில் புள்ளிக்கணக்கு வந்தது போட்டி வெறியால் அல்ல, வரிசையால்.

இதை நான் வாசித்து அறிந்தது என் சொந்த விளையாட்டை மேசையில் வைத்தபிறகுதான். ஸ்காபரோவில் ஒரு நூலக மண்டபம், உள்ளூரில் விளையாட்டுச் செய்பவர்களுக்கு ஆளுக்கொரு மேசை, ஒரு பிற்பகல். என் விளையாட்டின் பெயர் 'றைற்'. நீங்கள் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் மினிபஸ்ஸின் கண்டக்டர். காசு வாங்கவேண்டும், மிச்சம் கொடுக்கவேண்டும், யார் நெல்லியடியில் இறங்குவார், யார் நீர்வேலியில் இறங்குவார் என்று முகத்தைப் பார்த்து நினைவில் வைக்கவேண்டும். 'இறக்கம்' என்று குரல் வந்தால் நிறுத்தி, 'றைற்' சொல்லிக் கிளப்பவேண்டும். வல்லை வெளியில் ஆட்களே இல்லாத நேரத்தில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த இடத்துக்கு நான் நிறையப் பாடுபட்டிருந்தேன். நினைவைப் பற்றிய விளையாட்டு என்று என் மனதுக்குள் அதற்கு ஒரு வர்ணனை இருந்தது. வர்ணனையையும், என்ன செய்யவேண்டும் என்ற குறிப்பையும் ஒரு தாளில் அச்சடித்து மேசையில் ஒட்டியிருந்தேன்.

முதலில் வந்த பொடியன் தாளைப் பார்க்கவேயில்லை. பஸ்ஸில் எத்தனைபேரை ஏற்றலாம் என்று பார்த்தான். நான் வரம்பு எதுவும் வைத்திருக்கவில்லை. ஆள் ஏற ஏற பஸ் ஒருபக்கம் சரியும், சில்லு நிலத்தை உரசும், உள்ளேயிருந்து புறுபுறுப்பு எழும். அவனுக்கு அதுவே போதும். "41!" என்று கத்தினான். பின்னால் நின்றவன் 44 ஏற்றினான். சற்று நேரத்தில் ஒருத்தி என் குறிப்புத் தாளை மேசையிலிருந்து உரித்து, அதன் பின்பக்கத்தில் பெயரும் எண்ணிக்கையும் எழுதத் தொடங்கினாள். வல்லை வெளியை அன்று ஒருவரும் எட்டவில்லை. ஒரு வயதான ஐயா மட்டும் பொறுமையாகக் காசு வாங்கி விளையாடினார். எழும்பும்போது, "தம்பி, கண்டக்டர் வாசலில தொங்கிக்கொண்டெல்லோ நிக்கவேணும்? நீர் அவரை உள்ளுக்கு விட்டிட்டீர்" என்றார். "உள்ளுக்கு நிண்டாத்தான் ஐயா முகங்கள் தெரியும்" என்றேன். "முகம் பாத்து ஆர் காசு வாங்கினது? கையைப் பாத்துத்தான்" என்றார். அவர் சொன்னதை இன்னும் விளையாட்டுக்குள் கொண்டுவர முயன்றுகொண்டிருக்கிறேன்.

ஒட்டிய தாளை யாரும் வாசிக்கமாட்டார்கள் என்பது இந்தத் தொழிலில் பழைய பாடம். 1971இல் நோலன் புஷ்னலும் ரெட் டப்னியும் ஸ்பேஸ்வோரைக் காசு போட்டு விளையாடும் இயந்திரமாக்கி, 'கொம்பியூட்டர் ஸ்பேஸ்' என்று பெயரிட்டு, ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்கு அருகில் 'டச் கூஸ்' என்ற மதுச்சாலையில் வைத்துப் பார்த்தார்கள். மாணவர்கள் விழுந்து விழுந்து விளையாடினார்கள். வேறிடத்தில் வைத்தபோது கப்பலைத் திருப்புவதும் உந்துவதும் சுடுவதும் என்னவென்று சனத்துக்குப் பிடிபடவில்லை. அடுத்த வருடம் அவர்களின் அற்றாரி நிறுவனத்தில் அல் அல்கோர்ன் 'பொங்' செய்தார். சன்னிவேலில் 'அன்டி கப்ஸ்' மதுச்சாலையில் அதை வைத்தார்கள். பந்தைத் தவறவிடாதே, புள்ளி கூடும் என்ற அளவில் ஒரேயொரு வரிக் குறிப்பு. கொஞ்ச நாளில் இயந்திரம் பழுது என்று அழைப்பு வந்தது. அல்கோர்ன் போய்த் திறந்து பார்த்தால் பழுது ஒன்றுமில்லை, போட்ட காசு நிரம்பி வழிந்து அடைத்திருந்தது. இந்தக் கதையை அமெரிக்கர்கள் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். அதற்குச் சில மாதம் முன்பு நடந்ததை நான் கூடுதலாக நினைப்பதுண்டு. 1972 மே 24இல் பேர்லிங்கேமில் மக்னவொக்ஸ் நிறுவனம் றால்ஃப் பேயர் கண்டுபிடித்த 'ஒடிசி' என்ற வீட்டு விளையாட்டுக் கருவியைக் காட்சிக்கு வைத்தது. அதிலும் ஒரு ரெனிஸ் இருந்தது. புஷ்னல் வந்து, விளையாடிப் பார்த்து, வருகைப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டார். பின்னால் வழக்கு நடந்தபோது அந்தக் கையெழுத்துச் சாட்சிக்கு வந்தது. 1976இல் அற்றாரி உரிமப் பணம் கட்டச் சம்மதித்து இணங்கிப்போனது. காட்சிக்கு வைத்தால் எல்லாரும் பார்ப்பார்கள், எதிர்காலப் போட்டியாளர் உட்பட.

அதற்குப் பிறகு நெடுங்காலம் பொதுசனத்தின் முன்னால் முதன்முதலாகக் காட்டுவது என்ற வழக்கம் பெரிய நிறுவனங்களின் கைக்குப் போய்விட்டது. 1995இல் தொடங்கிய 'ஈ3' கண்காட்சி வியாபாரிகளுக்கும் பத்திரிகையாளருக்கும் மட்டும். 2017இல்தான் சாதாரண ஆட்களுக்கு ரிக்கெற் விற்றார்கள். நடுவில் 1999இல், விளையாட்டு வடிவமைப்பாளர் மாநாட்டின் ஓரத்தில், தனியாகச் செய்பவர்களுக்கென்று ஐ.ஜி.எஃப். என்ற விழா தொடங்கியது. இரண்டாவது வருடம் பெரும்பரிசு வாங்கியவர் ஷேமஸ் மக்நாலி என்ற கனேடியப் பொடியன். 'ட்றெட் மார்க்ஸ்' என்ற தாங்கிச் சண்டை விளையாட்டுக்கு. புற்றுநோயால் விருது வாங்கிய சில நாட்களில் இறந்தார், வயது 21. அந்தப் பரிசுக்கு இப்போது அவர் பெயர். 2024இல் அதை வென்றது 'வெண்பா'. ரொறன்ரோவில் செய்தது. கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்த் தாயொருத்தி கிழிந்துபோன சமையல் குறிப்புகளைப் பார்த்து இட்லியும் புட்டும் செய்கிற விளையாட்டு. என் வீட்டில் அதை விளையாடிய பெரியவர்கள் செய்முறையின் வரிசையைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள்.

இப்போது மேசை கட்டாயமில்லை. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்ரீம் இணையத்தளத்தில் சில மாதங்களுக்கொருமுறை 'நெக்ஸ்ற் ஃபெஸ்ற்' நடக்கிறது. டெமோவை ஏற்றிவிட்டு வீட்டிலேயே இருக்கலாம். 'றைற்'ஐயும் ஏற்றினேன், ஆள் ஏற்றும் எண்ணிக்கையைத் திரையின் மூலையில் போட்டு. பொடியள் கேட்டதைக் கொடுக்காமல் விட எனக்கென்ன, ஹிகின்பொதமை விடப் பெரிய மனதா? எத்தனைபேர் இறக்கினார்கள், சராசரி எவ்வளவு நேரம் விளையாடினார்கள் என்ற கணக்கெல்லாம் அட்டவணையாக வந்தது. எந்தத் தரிப்பிடத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று பார்க்க நானும் ஒரு கணக்கு வைத்திருந்தேன். பெரும்பாலானவர்கள் நெல்லியடியோடு இறங்கிவிடுகிறார்கள். சலித்துப் போகிறார்களா, மிச்சக்காசு குழப்புகிறதா, இல்லையென்றால் பஸ்ஸை நிரப்பிப் பார்த்ததோடு திருப்தியா என்று அட்டவணையில் இல்லை. வருகிற வசந்தத்தில் நடக்கும் கண்காட்சியில் இன்னொரு மேசைக்குக் காசு கட்டியிருக்கிறேன். விளையாடுபவரின் தோளுக்குப் பின்னால், வாயைத் திறக்காமல், நெல்லியடிவரை நிற்கவேண்டும்.